கண்ணுக்குப் பின்னால் நாடியும் நாளமும் தவறாக இணைந்தால்: மலையகக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

கண்ணில் தெரிந்தாலும் கண்ணில் பிறக்காத ஒரு வருத்தத்தைப் பற்றியது இந்தப் பக்கம். வைத்தியர்கள் இதைக் கரோடிட் கேவர்னஸ் பிஸ்டுலா என்பார்கள். கிளினிக் கொப்பியில் பெரும்பாலும் CCF என்று மூன்றெழுத்தாகச் சுருக்கி எழுதியிருக்கும். அரிதான வருத்தம் என்பதால் முதலில் யாருக்கும் இது நினைவுக்கு வருவதில்லை. தோட்டத்து மருந்தகத்தில் ஒரு சொட்டுமருந்து, டவுனில் இன்னொரு சொட்டுமருந்து என்று வாரங்கள் ஓடிவிடுகின்றன. நுவரெலியா, ஹட்டன், பதுளைப் பக்கத்துக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது இது. உங்களைப் பரிசோதிக்கும் வைத்தியரின் சொல்லே இதற்கு மேலானது.

கண்ணுக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது?

இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோவது நாடி. அதில் அமுக்கம் அதிகம். இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவருவது நாளம். அதில் அமுக்கம் குறைவு, சுவரும் மெல்லியது. மூளைக்குப் போகும் கரோடிட் நாடி, கண்குழிக்குச் சற்றுப் பின்னால், கேவர்னஸ் சைனஸ் என்ற நாள இரத்தம் நிறைந்த அறைக்கு ஊடாகவே செல்கிறது. ஒரு பெரிய நாடி இப்படி நாள இரத்தத்தின் நடுவே நுழைந்து போவது உடலில் வேறெங்கும் இல்லை.

நாடியின் சுவர் அந்த இடத்தில் கிழிந்தால், பீலிக்குப் போகும் குழாய் வெடித்துத் தேயிலை மலையின் வடிகால் கானுக்குள் பாய்வது போலத்தான். கான் அவ்வளவு தண்ணீரைத் தாங்காது, எதிர்த்திசையில் பொங்கும். இங்கே பொங்குவது கண்ணை நோக்கி. கண்ணிலிருந்து வடிய வேண்டிய இரத்தம் வடியாமல் தேங்குகிறது. கண் சிவக்கிறது, வீங்குகிறது, முன்னால் தள்ளுகிறது, கண்ணுக்குள் அமுக்கம் ஏறுகிறது. கண்ணை அசைக்கும் நரம்புகளும் அதே அறை வழியாகப் போவதால் ஒன்று இரண்டாகத் தெரிகிறது.

சாதாரணக் கண்நோய்க்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கண்நோய் என்றால் பீளை கட்டும், உறுத்தும், வீட்டில் இன்னொருவருக்கும் தொற்றும், ஒன்றிரண்டு வாரத்தில் தணியும். இதில் பீளை கிடையாது. வெள்ளைவிழியில் இரத்தக் குழாய்கள் தடித்து, சுருண்டு சுருண்டு கருவிழியை நோக்கி ஓடும். கண் ஒரு பக்கம் மட்டும் துருத்தும். விரலை மெதுவாக இமைமேல் வைத்தால் சிலருக்குத் துடிப்பே தெரியும். எத்தனை சொட்டுமருந்து விட்டாலும் சிவப்பு மாறாது. இரண்டு கண்ணும் பாதிக்கப்படுவதும் உண்டு, ஏனென்றால் இரு பக்கத்து அறைகளும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை.

கண் துருத்தினால் எல்லோரும் முதலில் தைராய்டைத்தான் நினைக்கிறார்கள். வைத்தியர்களும் நினைக்கிறார்கள், அது தவறும் இல்லை. ஆனால் தைராய்டில் பொதுவாகத் தலைக்குள் சத்தம் கேட்காது.

அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 'உஷ், உஷ்' என்று, இதயத்துடிப்புக்குச் சரியான தாளத்தில், காதுக்கு உள்ளே அல்லது கண்ணுக்குப் பின்னால் ஓர் இரைச்சல். பகல் முழுக்க மலையில் வேலை இருக்கும்போது அது அமுங்கிப்போகும். இரவில், லயத்தில் எல்லோரும் உறங்கிய பிறகு, தலையணையில் காது வைத்தால் உரத்துக் கேட்கும். இதைப் பெண்கள் வெளியே சொல்வதே இல்லை. பைத்தியம் என்பார்களோ, காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்களோ என்ற பயம். சிவந்த கண்ணை வைத்தியரால் பார்க்க முடியும், சத்தத்தை நோயாளி சொன்னால்தான் தெரியும். மணிக்கட்டில் துடிப்பைப் பிடித்துக்கொண்டு, சத்தமும் அதே கணக்கில் வருகிறதா என்று பாருங்கள். வருகிறது என்றால் கண்ணைக் காட்டுவதற்கு முன் அதைச் சொல்லுங்கள். மூடிய இமையின்மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் பல நேரங்களில் வைத்தியருக்கும் அது கேட்கும். வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

ஒன்றை மறந்துவிடாதீர்கள். மெதுவாக ஓடும் வகையில் சத்தமே இல்லாமலும் இருக்கலாம். சத்தம் இல்லை என்பதற்காக இந்த வருத்தம் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

இது யாருக்கு வருகிறது?

இரண்டு விதமானவர்களுக்கு. முதலாவது, தலையில் பலமாக அடிபட்டவர்கள். முச்சக்கரவண்டி புரண்டது, மோட்டார் சைக்கிள் விபத்து, மழையில் வழுக்கி மலைச்சரிவில் விழுந்தது, மரம் வெட்டும்போது கிளை தலையில் விழுந்தது போன்றவை. மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்பு வெடித்து நாடி நேரடியாகக் கிழிகிறது. இது வேகமாக ஓடும் வகை. இளம் ஆண்களிடம் அதிகம். அந்த இடத்து நாடியில் ஏற்கெனவே இருந்த ஒரு புடைப்பு தானாக வெடித்தும் இதே நிலை வரலாம்.

இரண்டாவது, அடியே படாதவர்கள். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற வயதுப் பெண்கள். மூளையைச் சுற்றியுள்ள உறையின் சிறு நாடிக்கிளைகள் அந்த அறைக்குள் திறந்துகொள்கின்றன. உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. கர்ப்ப காலத்திலும் வரலாம். இது மெதுவான வகை, மாதக்கணக்கில் கண்நோய் என்ற பெயரிலேயே இழுபடும்.

1985இல் வந்த பாரோ வகைப்பாடு இவற்றை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரிக்கிறது. நேரடிக் கிழிசல் ஏ. மற்ற மூன்றும் சிறு கிளைகளால் வருபவை. உங்கள் கொப்பியில் இந்த எழுத்து இருந்தால் அதன் பொருள் இவ்வளவுதான்.

விழுந்தபோது ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்றார்கள். மூன்று வாரம் கழித்துக் கண் ஏன் துருத்துகிறது?

அன்றைக்கு எடுத்தது அநேகமாகச் சாதாரண சி.டி. மூளையில் இரத்தக்கசிவு இருக்கிறதா என்பதை அறிய அவசரமாக எடுக்கும் படம் அது. நாடியில் உள்ள சிறு கிழிசல் அதில் தெரியாமல் போகலாம். தவிர, இந்த இணைப்பு அடிபட்ட அன்றே தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்றில்லை. நாட்கள், சில வாரங்கள் கழித்தும் தலைகாட்டும். ஆகவே, ஆறிப்போன விபத்தையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். வீடு அனுப்பியபோது தந்த துண்டு இருந்தால் அதையும் எடுத்துப்போங்கள்.

தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு விடலாமா?

வேண்டாம். கோளாறு கண்ணின் மேற்பரப்பில் இல்லை. மேலே விடுவது எதுவும் அங்கே போய்ச் சேராது. துருத்திய கண்ணில் இமை சரியாக மூடாமல் கருவிழி காய்ந்திருக்கும்போது சாறும் பாலும் கிருமியைத்தான் கொண்டுவரும்.

முதலில் எங்கே போவது?

தோட்டத்து மருந்தகத்தில் தொடங்குவதில் தவறில்லை. அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பதுதான் தவறு. கண் வைத்தியர் இருக்கும் பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி என்று உங்களுக்கு எது கிட்டவோ அது. அங்கே சந்தேகம் உறுதியானால் நரம்பியல் பக்கம் அனுப்புவார்கள். இரத்தக்குழாய் வழியான சிகிச்சைக்குப் பெரும்பாலும் கொழும்பு தேசிய வைத்தியசாலை வரை போக வேண்டியிருக்கும்.

பார்வை திடீரென்று மங்கினால், தாங்க முடியாத தலைவலி வந்தால், பேச்சு குழறினால், ஒரு கை கால் சோர்ந்தால், தலையில் அடிபட்டவருக்கு மூக்கிலிருந்து இரத்தம் கொட்டினால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக்கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம். லயத்துக்குப் பக்கத்தில் வண்டி வரக்கூடிய இடம் எது என்பதை அழைக்கும்போதே சொல்லிவிட்டால் நேரம் மிச்சமாகும்.

வைத்தியசாலையில் சிங்களத்தில்தான் பேசுகிறார்கள். என்ன செய்வது?

1987ஆம் ஆண்டு அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அது சட்டம். இரவு வாட்டில் தமிழ் பேசும் ஒருவர் இருப்பாரா என்பது வேறு விஷயம். எனவே இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். முடியாவிட்டால், சத்தம் எப்போது தொடங்கியது, எப்போது விழுந்தார், என்ன மாத்திரை குடிக்கிறார் என்று மூன்று வரியைச் சிங்களத்தில் எழுதி வாங்கிக் கொப்பிக்குள் வையுங்கள். தோட்டத்துப் பாடசாலை ஆசிரியரிடம் கேட்டால் எழுதித் தருவார். சம்மதப் பத்திரத்தில் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். விளக்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

என்னென்ன பரிசோதனை செய்வார்கள்?

கண் அமுக்கத்தை அளப்பார்கள். சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படத்தில் கண்ணின் மேல் நாளம் தடித்துத் தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். இறுதியாக ஆஞ்சியோகிராம். தொடை இடுக்கின் அல்லது மணிக்கட்டின் நாடி வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, சாயமருந்தைச் செலுத்தி, இரத்தம் எங்கே புகுந்து எங்கே வெளியேறுகிறது என்பதை எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பார்ப்பார்கள். எந்த வகை என்பதும், இரத்தம் மூளையின் நாளங்களுக்குள் திரும்பிப் பாய்கிறதா என்பதும் இதில்தான் தெளிவாகும். அப்படிப் பாய்ந்தால் மூளையில் கசிவு வரக்கூடும், சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது.

சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு மாத்திரை, முன்பு சாயமருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லுங்கள். இழுப்பு (ஆஸ்துமா) இருந்தால் அதையும். கண் அமுக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் டிமோலோல் சொட்டு, கண்ணில் விட்டாலும் இழுப்பைக் கூட்டிவிடும்.

எல்லோருக்கும் சிகிச்சை தேவையா? தானாக மூடாதா?

மெதுவான வகை சிலருக்குத் தானாகவே மூடுகிறது. பார்வையும் கண் அமுக்கமும் நன்றாக இருந்து, மூளைப் பக்கம் இரத்தம் திரும்பாமல் இருந்தால், சொட்டுமருந்தோடு கண்காணித்துப் பொறுத்திருக்க வைத்தியர் சொல்லலாம். அது அலட்சியம் இல்லை. ஆனால் கண்காணிப்பு என்றால் கிளினிக் திகதியைத் தவறவிடக்கூடாது. மழை, பஸ் இல்லை, அன்றைய பேர் (நாள் சம்பளம்) போய்விடும் என்று இரண்டு தடவை தவறவிட்டால் அது கண்காணிப்பே இல்லை.

சிலருக்குக் கழுத்து நாடியை எதிர்ப்பக்கக் கையால் சில விநாடி அமுக்கிவிடும் பயிற்சியைக் கற்றுக்கொடுப்பார்கள். எதிர்ப்பக்கக் கை ஏன் என்றால், மூளைக்கு இரத்தம் குறைந்தால் அந்தக் கைதான் முதலில் சோர்ந்து தானாக விழும், அமுக்கமும் விட்டுவிடும். கேட்க எளிதாக இருக்கிறது என்று வீட்டில் நீங்களாகச் செய்யாதீர்கள். கழுத்து நாடியில் கொழுப்புப் படிந்திருப்பவருக்கு அது பாரிசவாதத்தில் முடியலாம்.

நேரடிக் கிழிசல் தானாக மூடுவது மிக அரிது. அதற்குச் சிகிச்சைதான்.

தலையைத் திறந்தா செய்வார்கள்?

இல்லை. ஒரு காலத்தில் கத்தி வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1809இல் லண்டனில் பெஞ்சமின் டிரவர்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், துடிக்கும் கண்ணுள்ள ஒரு பெண்ணின் கழுத்து நாடியையே கட்டிவிட்டார். அவர் பிழைத்தார். பிறகு அப்படிக் கட்டப்பட்ட எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மாற்றம் வந்தது 1974இல். மொஸ்கோவின் செர்பினென்கோ, குழாயின் நுனியில் சிறு பலூனைக் கொண்டுபோய், ஊதி, அங்கேயே கழற்றிவிடும் முறையை வெளியிட்டார். 1990களில் குக்லியெல்மி உருவாக்கிய, மின்சாரத்தால் கழற்றும் பிளாட்டினச் சுருள்கள் வந்தன. இன்று பெரும்பாலும் அந்தச் சுருள்களும், இரத்தத்தில் பட்டதும் உறையும் திரவமும்தான் பயன்படுகின்றன.

நேரடிக் கிழிசலுக்குப் பொதுவாக நாடி வழியாகவே போவார்கள். தொடை இடுக்கில் துளை, அதிலிருந்து கழுத்து, அங்கிருந்து ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லிய நுண்குழாய் கிழிசலுக்குள். அறையைச் சுருள்களால் நிரப்புவார்கள். சுருள் நாடிக்குள் சரிந்துவிடாமல் இருக்க ஒரு பலூனையோ ஸ்டென்ட் என்ற வலைக்குழாயையோ துணைக்கு வைப்பதுண்டு.

மெதுவான வகையில் ஊட்டும் கிளைகள் ஏராளம், ஒவ்வொன்றும் நூல் போன்றது. அவற்றைத் தேடி அலைவதைவிட நாளப் பக்கமாகப் பின்வாசலால் நுழைவது நல்லது. கழுத்து நாளத்திலிருந்து மேலேறி அந்த அறையை அடைந்து உள்ளிருந்தே அடைத்துவிடுவார்கள். அந்த வழி மூடியிருந்தால் மேல் இமையில் சிறு கீறலிட்டுக் கண் நாளம் வழியாகவும் போகலாம்.

நோயாளி பெரும்பாலும் முழு மயக்கத்தில் இருப்பார். சில மணிநேரம் எடுக்கும். ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கிழிசல் மிகப் பெரிதாக இருந்து, அந்தப் பக்கத்துக் கரோடிட் நாடியையே மூடிவிட நேர்ந்தால், மற்றப் பக்கத்து இரத்தம் மூளைக்குப் போதுமா என்று முதலில் சோதிப்பார்கள். பலூனால் நாடியைத் தற்காலிகமாக அடைத்து, விழித்திருக்கும் நோயாளியிடம் "கையைத் தூக்குங்கள், பெயரைச் சொல்லுங்கள்" என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். கேள்வி விளங்காமல் விழிப்பதும், மூளைக்கு இரத்தம் போதாமல் விழிப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். தமிழ் மட்டுமே தெரிந்தவர் என்றால், அந்த அறையில் தமிழ் பேசும் ஒருவர் நிற்க வேண்டும் என்று முதல் நாளே கேளுங்கள்.

ஆபத்து என்ன?

உண்டு. இரத்தக்கட்டி மூளைக்குப் போய்ப் பாரிசவாதம் வருவது பெரிய பயம். கண்ணுக்குப் போகும் குழாய் அடைபட்டுப் பார்வை போகலாம். கண்ணை அசைக்கும் நரம்பு அமுங்கி இரட்டைப் பார்வை புதிதாக வரலாம். அது பெரும்பாலும் தற்காலிகம். திரவத்தைச் செலுத்தும்போது இதயத்துடிப்பு திடீரென்று குறைவதும் நடக்கும், அதற்கு மயக்க மருந்து வைத்தியர் ஆயத்தமாகவே இருப்பார். தொடையில் இரத்தம் கட்டி நீலம் பாரிப்பது அடிக்கடி நடப்பது, ஆறிவிடும். இந்தப் பட்டியலைக் கேட்டுவிட்டு எழும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நேரடிக் கிழிசலை அப்படியே விட்டால் கண் போவது பட்டியலில் ஒரு சாத்தியமாக இல்லை, பலருக்கு அதுவே முடிவு.

சிகிச்சை முடிந்தும் கண் முன்பைவிட மோசமாக இருக்கிறதே?

மயக்கம் தெளியும்போதே சத்தம் பெரும்பாலும் நின்றிருக்கும். பலர் முதலில் சொல்வது அதைத்தான். சிவப்பும் வீக்கமும் நாட்கணக்கில் குறையும், துருத்தல் வாரக்கணக்கில் உள்ளே போகும். ஆனால் சிலருக்கு, குறிப்பாக மெதுவான வகையில், அடைத்த நாளத்தில் இரத்தம் உறையும்போது முதல் சில நாள் வீக்கம் கூடலாம். பயப்படாமல், ஆனால் மறைக்காமல், வாட்டிலோ கிளினிக்கிலோ காட்டுங்கள். பார்வை குறைந்தால் அன்றே.

இன்னொன்று. திரவம் செலுத்தப்பட்டவரின் மூச்சிலும் உடம்பிலும் ஓரிரு நாள் வெள்ளைப்பூண்டு வாடை அடிக்கும். அந்த மருந்தைக் கரைத்திருக்கும் பொருளின் வாடை அது. யாரும் திருட்டுத்தனமாக நாட்டு மருந்து கொடுக்கவில்லை.

இரட்டைப் பார்வையும் போன பார்வையும் திரும்புமா?

இரட்டைப் பார்வைக்கு மாதங்கள் பிடிக்கலாம். அதுவரை ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு நடக்கலாம், ஆனால் படிக்கட்டிலும் சரிவிலும் தூரம் மட்டுக்கட்ட முடியாது, யாராவது கூட நடக்கட்டும். பார்வை விஷயத்தில் ஒளிக்க ஒன்றுமில்லை. அமுக்கத்தால் சமீபத்தில் மங்கியது ஓரளவு திரும்பலாம். நீண்ட நாள் இரத்தம் கிடைக்காமல் நரம்பு செத்திருந்தால் திரும்பாது.

எப்போது கொழுந்து பறிக்கப் போகலாம்?

தொடையின் துளை ஆறும்வரை, ஏறத்தாழ ஒரு வாரம், பாரம் தூக்குவதும் மலை ஏறுவதும் வேண்டாம். குந்தி உட்காரும் கழிவறையும் முதல் சில நாளுக்குச் சிரமம், பழைய பிளாஸ்டிக் கதிரையில் துளையிட்டுப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். துளையிலிருந்து இரத்தம் வந்தால் படுக்க வைத்து, அந்த இடத்தை உள்ளங்கையால் விடாமல் அழுத்திப் பிடித்தபடி 1990ஐ அழையுங்கள்.

தலையில் கயிற்றை மாட்டிக் கூடையைச் சுமப்பது வேறு கேள்வி. குனிந்து, மூச்சைப் பிடித்துப் பாரம் இழுக்கும்போது தலையின் நாளங்களில் அமுக்கம் கூடுகிறது. இணைப்பு முழுமையாக மூடிவிட்டது என்று சோதனையில் தெரியும்வரை பொறுக்கச் சொல்வதுதான் நியாயம். வீடு அனுப்பும்போது தோட்டக் காரியாலயத்துக்கு மருத்துவச் சான்றிதழும், தேவைப்பட்டால் இலகு வேலைக்கான கடிதமும் கேட்டு வாங்குங்கள். பிறகு அதற்காக மட்டும் கொழும்புக்கு ரயில் ஏற வேண்டியிருக்காது.

ஸ்டென்ட் வைத்திருந்தால் அஸ்பிரினும் குளோபிடோகிரெலும் மாதக்கணக்கில் தருவார்கள். தோட்டத்து மருந்தகத்தில் இல்லை என்றாலோ மாத்திரை முடிந்துவிட்டது என்றாலோ ஒரு நாளும் விடக்கூடாது. ஸ்டென்டில் இரத்தம் உறைந்தால் அது நேரே மூளைக்குப் போகும். பல் பிடுங்கப் போனால்கூட இந்த மாத்திரைகளைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

செலவு?

அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஏதாவது ஒரு பொருளை வெளியில் வாங்க நேர்ந்தால், வாங்குவதற்கு முன் வாட்டில் எழுத்தில் கேளுங்கள், ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வட்டிக்குக் கடன் வாங்கி, தோட்டை அடகு வைத்துவிட்டு அதன்பிறகு விசாரிக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது.

உள்ளே வைத்த சுருளால் பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதா?

பிளாட்டினச் சுருள் காந்தத்தில் இழுபடாது, பொதுவாக எடுக்கலாம். ஆனாலும் எடுப்பவரிடம் சொல்ல வேண்டும், சிகிச்சைத் துண்டைக் காட்டுங்கள்.

மீண்டும் வருமா? பிள்ளைகளுக்கும் வருமா?

பொதுவாக இது பரம்பரையாக வருவதில்லை. முழுதாக மூடியது மீண்டும் திறப்பது குறைவு. ஓரளவு மட்டும் மூடியிருந்தால் மறுபடி ஓட்டம் கூடலாம், இன்னொரு தடவை சிகிச்சை தேவைப்படலாம். அதைப் பார்க்கத்தான் சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேனுக்கோ ஆஞ்சியோகிராமுக்கோ திகதி தருகிறார்கள். கண் நன்றாகத் தெரிகிறது, இனி எதற்கு என்று அந்தத் திகதியை விட்டுவிடாதீர்கள். இடையில் பழைய சத்தம் ஓர் இரவு கேட்டாலும், திகதி வரும்வரை பொறுக்காமல் கொப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த நாளே போங்கள்.